மூணு மாசம் முடியட்டும்

அந்தப் பெண் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

“மாசமா இருக்கீங்களாக்கா?”

மருந்துக்கடைக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது ஜெசிந்தாவுக்கு. ஆனாலும் கேட்காமல் இந்த மாத்திரையை எடுத்துத் தரமாட்டாள். நல்ல பெண். போன தடவை அவள் கேட்காமல் விட்டிருந்தால், பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டு அழுதாவது தீர்த்திருக்கலாம்.

அதற்கும் வழியில்லை.

இவள் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரிப்பு திரும்பவும் வந்திருக்கிறது. அதே எரிச்சல். திரிந்த பால்போல அதே வெள்ளை. தீப்பெட்டி ஆபீசில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டாள். இனி முடியாது.

பின்னால் பேச்சியம்மா நிற்கிறாள். பக்கத்து வீடு. சனிக்கிழமை சாயங்காலம் தெருவே இந்தக் கடைக்குத்தான் வரும். ஆறு வாரத்துக்கு முன்பும் இதே போல, சர்க்கரை மாத்திரை வாங்க, தோளை உரசிக்கொண்டுதான் நின்றாள்.

அன்றைக்கு இவள் வயிற்றில் இரண்டு மாதம்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து.

அட்டையில் இரண்டு கோடு விழுந்த காலையில் மாமியார் இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

“மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்ரும்.”

அந்த அட்டையைக்கூடப் புருஷன் பஸ் ஏறிப் போய் வெளியூரில்தான் வாங்கி வந்தான். உள்ளூரில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடுமே. நர்சம்மாவிடம் பேர் பதிவதுகூட மூன்று மாதம் கழித்துத்தான். பெற்ற அம்மாவிடம் போனில் பேசும்போதுகூட மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்றுதான் பேசினாள்.

சொல்லாமல் இருப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு திரிவது மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்கினாள். குழாயடியில் மற்றப் பெண்களைக் கேட்பார்கள். ஆபீஸ் வேனில் கேட்பார்கள். எத்தனை மாசம், எத்தனை மாசம் என்று. தன்னையும் கேட்கும் நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அரிப்பு வந்தது.

“மாசமா இருக்கீங்களாக்கா? இருந்தா சொல்லுங்க, இந்த மாத்திரை வேண்டாம். டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. உள்ள வைக்கிற மருந்து வேற இருக்கு.”

அன்றைக்கு எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் அந்தப் பெண்!

தோளருகே பேச்சியம்மாவின் மூச்சு.

“அதெல்லாம் இல்ல,” என்றாள் இவள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரே ஒரு மாத்திரை. அடுப்படியில் நின்றபடியே தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். ஒரு மாத்திரை என்ன செய்துவிடப் போகிறது? மூன்றாம் நாள் அரிப்பு அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் உதிரம் பட்டது.

ஆஸ்பத்திரியில், மாமியார் டீ வாங்கப் போன சமயம் பார்த்து, டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாத்திரை விஷயத்தைச் சொன்னாள்.

“அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆரம்பத்துல பல பேருக்குத் தானாவே இப்படி ஆகும். அதனால இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது.”

ஆமென்றால் செத்துத் தொலையலாம். இல்லையென்றால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார். அந்த மகராசிமேலும் தப்பில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் இவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“நல்லவேளை, யார்ட்டயும் சொல்லல.”

சொல்லாததால் விசாரிக்கவும் யாரும் வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வயிற்றுப்போக்கு என்று சொல்லிக்கொண்டாள். மோர் குடி என்றார்கள்.

பிள்ளை இருந்ததும் யாருக்கும் தெரியாது. போனதும் யாருக்கும் தெரியாது. மாத்திரை விஷயம் வீட்டில்கூடத் தெரியாது.

“அக்கா? கேட்டேனே.”

“இப்ப இல்ல.”

ஜெசிந்தா அலமாரிப் பக்கம் திரும்பினாள். மறுபடி மறுபடி வந்தால் சும்மா மாத்திரை போடக் கூடாது, டாக்டரைப் பாருங்கள், சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைத் தேடினாள்.

“போன தடவை இருந்தேன்.”

சத்தமாகத்தான் சொன்னாள். கடையே கேட்கும்படி.

ஜெசிந்தாவின் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது. திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“உன்மேல தப்பில்ல பாப்பா. நீ கேட்ட.”

முதுகில் ஒரு கை பட்டது. பேச்சியம்மாவின் கை.

“எத்தன மாசம் தாயி?”

இவள் திரும்பினாள். ஐந்து வாரமாக வராத அழுகை அப்போது வந்தது.

“ரெண்டு முடிஞ்சு பதினோரு நாள், சித்தி.”