மேல்வீட்டு வாஷிங் மிஷின்

டோரீனுக்குக் கரண்ட் பில் இரண்டு மடங்கு வந்துவிட்டது.

கரண்ட் கம்பெனியை மாற்றிய பிறகு வந்த முதல் பில். மலிவு என்று சொன்னார்கள், மாறினாள்.

எதிர்வீடு என்னுடையது. கதவைத் தட்டி, பில்லை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் படி. எனக்குத்தான் கண்ணு போச்சோன்னு பாக்குறேன்."

படித்தேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எங்கள் கட்டடத்தில் அவளைப் போல் சிக்கனக்காரி கிடையாது. நள்ளிரவிலிருந்து விடியும்வரை இங்கே கரண்ட் பாதி விலை. அதற்காகவே மீட்டரில் பகலுக்கு ஒரு எண், இரவுக்கு ஒரு எண். டோரீன் வீட்டில் எல்லாம் இரவில்தான். ஹீட்டர் இரவில் சூடேறும், அந்தச் சூட்டில் பகலை ஓட்டுவாள். விடிவதற்குள் டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றிவிடுவாள். சாயங்காலம் யார் வந்தாலும் அந்த டீதான். எனக்கும் அதுதான்.

வாஷிங் மிஷினும் நடுராத்திரியில்தான் ஓடும். மற்றவர்கள் எழுந்து திரையை விலக்கும்போது அவள் துணி கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

கீழ்வீட்டுக்காரன் பாஷ்பிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மீன்துறையில் காலமெல்லாம் ராத்திரி வேலை பார்த்தவன். தூங்குவதற்காகத்தான் ஓய்வே பெற்றேன் என்பான். இவள் மிஷின் அவன் தலைக்கு மேல் குதிக்கும். அவன் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பான். நகராட்சிக்குப் புகார் போகாத மாதம் இல்லை.

பில்லையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. புதுக் கம்பெனி பகல் எண்ணை இரவாகவும், இரவு எண்ணைப் பகலாகவும் ஏற்றிவிட்டது. அவள் ராத்திரி செலவெல்லாம் பகல் விலையில் வந்து விழுந்திருக்கிறது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், நீங்க பகல்லதான் அதிகமா செலவு பண்றீங்க."

"பகல்லயா? பகல்ல நான் பல்புகூடப் போடமாட்டேன் பொண்ணே!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க மேடம்."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

லீட்ஸில் இருக்கும் மகன் கூப்பிட்டான். "பேசாம வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா. தனியா இருந்து என்ன பண்ணப்போற?"

"என் துணி என் கொடியிலதான்டா காயும்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த பில்லும் இப்படி வந்தால் போய்த்தான் ஆகவேண்டும். அது அவளுக்கும் தெரியும். ஹீட்டரை நிறுத்தினாள். மிஷினை நிறுத்தினாள். கோட்டும் குல்லாயுமாக வீட்டுக்குள் உட்கார்ந்தாள். பச்சைத் தண்ணீரில் துணி கசக்கிக் கசக்கி விரலெல்லாம் வெடித்துவிட்டது.

பாஷ்பிக்கோ கன்னம் பளபளத்தது. படியில் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

"என்னய்யா, மாப்பிள்ளை மாதிரி இருக்க?"

"தூக்கம்யா, தூக்கம்! கட்டையைப் போட்டா விடிஞ்சாதான் முழிப்பு."

"மேல ஒருத்தி குளிர்ல நடுங்கிட்டிருக்கா."

"ஏன், அவளுக்கு என்ன கேடு?"

சொன்னேன். "பகல்லதான் செலவு பண்ணாளாம். கம்பெனி சொல்லுது."

"பகல்லயா?" என்றான். "பகல்லயா!" விழுந்து விழுந்து சிரித்தான். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். டோரீனுக்குப் போன். அதே பெண்.

"உங்க பில்லைத் திருத்திட்டோம் மேடம். தப்பு எங்களுதுதான்."

டோரீன் என்னைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள். "பாத்தியா? நான் போட்ட சத்தம்!"

"உங்க சத்தம் இல்ல மேடம்" என்றது போன். "உங்க கட்டடத்துலேர்ந்து ஒருத்தர். தினமும் கூப்பிட்டார். எங்க மேனேஜரையே ஒரு வழி பண்ணிட்டார். 'அந்தப் பொம்பளை பகல்ல மிஷின் போட்டிருந்தா, நான் ராத்திரி தூங்கியிருக்க மாட்டேனா? நகராட்சியில போய் என் பேரைச் சொல்லிப் பாருங்க, பாதிப் பேர் எந்திரிச்சு ஓடுவாங்க'ன்னார்."

டோரீன் போனை வைத்தாள்.

அன்று ராத்திரி ஹீட்டர் மட்டும் போட்டாள். மிஷினைத் தொட மனசு வரவில்லை.

காலையில் டோரீனின் கதவு இடிபட்டது. வாசலில் பாஷ்பி.

"இந்தாம்மா, கொடி ஏன் காலியா கெடக்கு?"

"இல்ல... உன் தூக்கம்..."

"என் தூக்கத்தை நான் பாத்துக்குறேன். ராத்திரி மிஷின் ஓடுதுன்னு ஊரெல்லாம் கத்தியிருக்கேன். கம்பெனிக்காரன் நேர்ல வந்து பாத்தா என்னைப் பொய்யன்னு சொல்லமாட்டான்? போடு மிஷினை!"

மறுநாள் விடிந்தது. எங்கள் தெருவிலேயே முதல் கொடியாக டோரீனின் கொடியில் துணி படபடத்தது. அதன் அடியில் கண் சிவக்க, கொட்டாவி விட்டபடி, தன் கப்பல் கரை சேர்ந்ததுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான் பாஷ்பி.