மயூரிக்குக் கேடயம் இல்லை

"மயூரிக்குக் கேடயமே இல்லைங்க. ரெண்டு அடி விழுந்தா காலி!"

"அடி விழுந்தாத்தானே? அவ வேகத்துக்கு யாரு கிட்ட வர முடியும்?"

தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பிய மாப்பிள்ளை தயாபரனும் பெண் லோசனியும், செல்போன் விளையாட்டில் புதிதாக வந்த வீராங்கனை மயூரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். துணி காயப்போடும் சாக்கில் நான் பக்கத்து மாடியில்.

"பொண்ணுங்களுக்கு இதெல்லாம் புரியாது," என்றான் அந்த மேதை.

"அப்ப ஆடிப் பார்ப்போமா?"

அவள் மயூரியை எடுத்தாள். அவன் கேடயம் தாங்கிய தடியன் ஒருவனை எடுத்தான். கீழே கேசரி ஆறுவதற்குள் தடியன் சாய்ந்தான். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப்போய், "பொண்ணுக்கு அடக்கம் போதாதும்மா," என்றான்.

தையில் அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம். "எங்க மருமகளுக்குப் போன்ல விளையாடவே தெரியாது," என்று அவன் அம்மா கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள்.