சாட்சிக் கையெழுத்து

எந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாலும் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வியாழக்கிழமையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. நர்ஸ் படிப்பில் இருந்தவள். போதை மாத்திரைக்குப் பழகி, கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டாள். மறுவாழ்வு மையத்தில் வாரம் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. தொடர்ந்து மூன்று வாரம் சுத்தமாக இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு முடிந்துவிட்டது. அன்றைக்கு மூன்றாவது.

முந்தின நாள் சாயங்காலம் மையத்து ஆலோசனை வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள்.

"எங்கடி போன?"

"நடந்து வந்தேன்மா."

"யாரோட?"

"என் ரெண்டு காலோட."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஏன், பஸ் ஓடலையா?"

"பஸ் ஸ்டாப்ல அவன் நிக்கிறான்மா, மாத்திரை விக்கிறவன். அதான் சுத்திக்கிட்டு வந்தேன்."

நான் நம்பவில்லை. கண் சிவந்திருந்தது. இந்த மாதிரி எத்தனை கதை கேட்டிருக்கிறேன்! மையத்தில் சொன்னபடி வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் அலமாரியில் பூட்டி, சாவியை ஊக்கில் கோத்து என் உடம்போடு வைத்திருந்தேன். அப்படியும் பயம் விடவில்லை.

மையத்தில், பெண் பிள்ளைகள் என்றால் அம்மாதான் கழிப்பறைக்குக் கூடப் போக வேண்டும். டப்பாவில் ஒட்டிய சீட்டில் பிள்ளையின் பேர். அதன் கீழே 'சாட்சி' என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. பிறகு ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும்.

மகள் டப்பாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவ வெளியே போனாள். நான் கதவைத் தாழிட்டேன். அவளுடையதைக் கொட்டி, டப்பாவை அலசி, என்னுடையதை நிரப்பினேன். மூடினேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

தப்புதான். பெற்ற பெண்ணின் வாழ்க்கை ஒரு டப்பாவுக்குள் இருக்கும்போது கை சும்மா இருக்குமா?

பத்து நிமிஷத்தில் ஆலோசகர் எங்களைக் கூப்பிட்டார்.

"தூக்க மாத்திரை காட்டுதும்மா."

"இருக்கவே இருக்காது மேடம்!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. தையல் கம்பெனியில் பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் வீட்டுக்கும் கூடவே வரும். அதை அடக்க ஒன்று போடுவேன். சில நாள் இரண்டு. அதை நான் மாத்திரை என்று நினைத்ததே இல்லை. 'தூக்கத்துக்கு' என்றுதான் சொல்வேன்.

மகள் என்னையே பார்த்தாள். அப்புறம் ஆலோசகர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் போட்டேன் மேடம்."

நான் வாயைத் திறக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"நீ மாத்திட்டேன்னு சொன்னா, உன்னை உட்கார வெச்சுக் கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. நீ தாங்க மாட்டம்மா."

"உன் படிப்பு?"

"போச்சு." பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி சொன்னாள்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. வாரா வாரம் மையத்தில் நடக்கும் குடும்பக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாம் அந்தப் பாவியால! முதல் மாத்திரையை உனக்கு யாருடி குடுத்தது? பேரைச் சொல்லு, கையை ஒடிக்கிறேன்."

"தெரிஞ்சவங்கதான்மா." எப்போதும் சொல்கிற பதில்.

"தெரிஞ்சவங்கன்னா? அவங்களுக்குப் பேர் கிடையாதா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பன்னிரண்டாவது பரீட்சைக்கு முந்தின நாள். பயத்துல எனக்குத் தூக்கமே வரல. பாதியாக் கிள்ளி, தண்ணியும் கொண்டுவந்து குடுத்தாங்க. 'ஒண்ணும் செய்யாது, தூக்கத்துக்குத்தான், நானே போடறேனே'ன்னாங்க."

ஊக்கிலிருந்த சாவி என் மேல் குத்தியது.

மறுபடி உள்ளே போனேன். சாவியை ஆலோசகரின் மேஜை மேல் வைத்தேன். டப்பாவை மாற்றியது, அந்தப் பாதி மாத்திரை, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன்.

"இது இனிமே என்கிட்ட இருக்க வேணாம் மேடம். சாவியோட யாரையாவது என்கூட அனுப்புங்க, வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் இங்கேயே கொண்டுவந்து குடுத்துடறேன்."

அவர் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, "கல்லூரிக்கு எழுதிப் பார்க்கறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது" என்றார். "நீங்களும் திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா, ஆபத்து. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார். வாரா வாரம் வரணும்."

அடுத்த வியாழக்கிழமை ஜன்னலில் இரண்டு டப்பா கேட்டு வாங்கினேன். ஒன்றில் என் பேரை எழுத்துக் கூட்டி எழுதினேன்.

கீழே, சாட்சி என்ற இடத்தில், என் மகள் கையெழுத்துப் போட்டாள்.