அப்பாவின் புது டிஸ்க்

"அக்கா, ஃபோனை வச்சிடாத. அப்பா வாயைத் திறந்தாரு, உன் பேரு மட்டும் வரல. நான்தான்கா அழிச்சிட்டேன்!

பக்கவாதத்துக்கு அப்புறம் அப்பா தொண்டையில வச்ச மெஷின்தானே அவருக்காகப் பேசுது? அது பேசுற வார்த்தையெல்லாம் இருக்குற லினக்ஸ் டிஸ்க்கை வருஷா வருஷம் நான்தான் புதுசா செய்வேன். டிஸ்க்ல வார்த்தைங்க சேர்ந்து சேர்ந்து, பேச்சு திக்குச்சு. அதனால டிஸ்க் செய்யுற புரோகிராம்ல ஒரு வரி சேர்த்தேன், மூணு வருஷமா பேசாத வார்த்தையெல்லாம் தூக்கிடுன்னு. தூக்கப்போற வார்த்தைங்க பட்டியலைக் காட்டுச்சு. படிக்காமலே சரின்னு தட்டிட்டேன்.

சாயங்காலம் டிஸ்க்கைப் போட்டதும், 'டேய் சோம்பேறி, டீ எங்கடா?'ன்னு திக்காம கத்துனாரு. அம்மாவுக்குச் சிரிச்சே புரையேறிடுச்சு.

அப்புறம் அவரே பீரோவைத் திறந்து உன் போட்டோவை எடுத்தாரு. அதைப் பாத்து வாயைத் திறந்தாரு. சத்தமே இல்ல. நீ அவரை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன இந்த நாலு வருஷத்துல அவரு உன் பேரைச் சொன்னதே இல்லையேக்கா. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, போட்டோவை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் படுத்துட்டாரு.

விடியறதுக்குள்ள 'எழிலரசி'யைத் திரும்பச் சேர்த்துடுவேன், அது பெரிய வேலையில்ல. ஆனா நாளைக்கும் அப்பா பீரோவைத் திறப்பாராக்கா?"