நல்ல தண்ணி

நல்ல தண்ணிக் குழாயில் பிடித்து, மருந்து கலந்து வைத்த சோதனை பாட்டில் காலையில் மை போலக் கறுத்திருந்தது.

சாக்கடை கலந்தால்தான் கறுக்கும். தண்ணீர் பரிசோதனைப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

பக்கத்தில் உப்புத் தண்ணி பாட்டில். நேற்று ஊற்றிய நிறம் மாறவில்லை.

லேபிளை இரண்டு தரம் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

தெருவுக்கு இரண்டே குழாய். ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. இரண்டையும் தெருக்காரர்களின் கமிட்டிதான் பார்த்துக்கொள்கிறது. தலைவர் அத்தான். வேலை தேடி வந்து அக்கா வீட்டில் ஒண்டியிருப்பதால் பரிசோதனை என் தலையில்.

அத்தான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“லேபிளை மாத்தி ஒட்டிட்டியேம்மா!”

“இல்லத்தான், நானே பாத்து…”

“நல்ல தண்ணி எப்படிக் கெட்டுப்போகும்? பேரே நல்ல தண்ணி!”

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் நகத்தால் இரண்டு லேபிளையும் சுரண்டி, இடம் மாற்றி ஒட்டினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“சொன்னா தண்ணி ஆபீஸ்ல குழாயை மூடிருவாங்க. நாப்பது வீடும்மா. இந்தச் சந்துல தண்ணி லாரி நுழையுமா?”

நுழையாது. ஆட்டோவே திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸில்தான் வெளியே போகும்.

எதிர்வீட்டுத் தையல்காரக்கா குடத்தோடு வந்தாள். அவளுடைய சின்னவனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.

“நீதானே சோதிச்சே, கண்ணு. புள்ளைக்கு இதைக் குடுக்கலாமா?”

அத்தானைப் பார்த்தேன். அவர் குனிந்து, ஒழுகாத குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

உப்புத் தின்கிற வீடு.

“ம்” என்றேன்.

அவள் குடம் தளும்பத் தளும்பப் பிடித்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அக்கா சோறு போட்டாள். எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்டது. குடிடா ராசா, இன்னும் ஒரே ஒரு மடக்கு.

முதல் கவளமே கரித்தது. வந்த நாளிலிருந்தே இப்படித்தான். கல்யாணமானதும் அக்கா கை உப்புக்குத் தாராளமாகிவிட்டது என்று தினமும் கேலி செய்வேன். இன்றைக்கும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

“இன்னிக்கும் உப்பை அள்ளிக் கொட்டிட்டியாக்கா?”

அக்கா நிமிராமல் குழம்பு ஊற்றினாள்.

“நான் எங்கடி உப்புப் போடுறேன்? ஆறு மாசமா உப்புத் தண்ணியிலதானே உலை வைக்கச் சொல்றார் உங்கத்தான்.”