சிவப்பு நூல்

"பயமா இருந்தா இப்பவே சொல்லு எஸ்தர், இறங்கிடலாம்," என்றான் ஞானராஜ், அவளைத் தன் மார்போடு சேர்த்து வாரை இறுக்கியபடி.

"இறங்கினா கீழ நிக்கிற சனத்துல ஒருத்தரும் ஏறமாட்டாங்க. பொண்டாட்டியே நம்பாதவன்னு சிரிப்பாங்க."

ஊர் ஊராகப் போய், ஆட்களை மார்போடு கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பது அவன் தொழில். பாராசூட்டை மடிப்பவள் அவள். மடித்து முடித்ததும் பையில் சிவப்பு நூல் கட்டுவாள். அதைப் பார்க்காமல் அவன் பையைத் தூக்கியதில்லை. அவளே உடன்வருவதால் இன்று பார்க்கவில்லை.

உயரே போனதும் விமானத்தின் கதவு திறந்தது. மடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட, பாதியில் எழுந்து போனது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து முடித்தது நினைவில்லை.

அவன் முழங்கால் அவளை விளிம்புக்குத் தள்ளியது.

"ஏங்க, உங்க முதுகுப் பக்கம் கைய விட்டு, பையில நூல் இருக்கான்னு தடவிப் பாருங்க."