மாமனார் குனிந்த படம்

"அப்பா, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. பின்னாடி இவரோட ஆபீஸ்காரங்க எல்லாம் இருக்காங்க" என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் அப்பா, பேக்கரிக்காரர், காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையிலிருந்து ஒரு விண்கல் சீறிக்கொண்டு வந்தது. மனிதர் "ஐயோ" என்று முன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். அடுத்து ஒரு விண்கலம் வெடித்துச் சிதறியது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மடியில் இருந்த சோளப்பொரி மொத்தமும் பக்கத்து வரிசைக்குத் தானமாகப் போனது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவளுக்கு உடம்பே கூசியது.

அவள் கணவன் வேலை பார்த்த முதல் 3டி படம் அது. ஊழியர்களின் குடும்பத்தாருக்கென்று தனிக்காட்சி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமாகப் பிரித்து, திரைக்குள் கிடப்பதை வெளியே இழுத்துப் பார்ப்பவர் மூக்குக்கு நேரே நிறுத்துவதுதான் அவன் வேலை.

இந்த வேலை மாமனார் மனதில் ஒட்டவே இல்லை. பெரிய மாப்பிள்ளை பல் டாக்டர். கடையில் யாராவது பன்னைக் கடிக்கச் சிரமப்பட்டால் போதும், "எங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்பார். சின்னவரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றார்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த 'ஏதோ' ஒருநாள் சின்ன மாப்பிள்ளை காதிலேயே விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. "உங்கப்பா இந்தப் படத்துல ஒரே ஒரு தடவை குனிஞ்சா போதும். நான் என்ன பண்றேன்னு அவருக்குப் புரிஞ்சிடும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவள் அதை அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தாள். சொன்னதுதான் வினையாகப் போயிற்று என்று இப்போது தோன்றியது. அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் இந்த அம்மா வாயில் எது தங்கும்? அப்பா காதில் போட்டிருப்பாள். அதை வைத்துக்கொண்டு இவர் கூத்தடிக்கிறார்.

படம் என்னவோ அற்புதம்தான். வளையம் சூழ்ந்த ஒரு கோளின் மேல் நகரமே மிதந்தது. ஒளிரும் மீன்கள் வானத்தில் நீந்தி வந்து ஆளாளுக்கு மடியில் இறங்க, பெரியவர்கள்கூடக் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். சின்ன மாப்பிள்ளை மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயெல்லாம் பல்லாக.

அப்புறம் வந்தது அழுகைக் காட்சி. இறந்துபோன வீரனின் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கதாநாயகி சத்தமில்லாமல் அழுதாள். கல் இல்லை, கப்பல் இல்லை, பறக்க ஒரு கொசுகூட இல்லை. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, பேக்கரிக்காரர் சடாரென்று குனிந்து தலைமேல் கையை வைத்துக்கொண்டார்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. சின்ன மாப்பிள்ளையின் சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

படம் முடிந்து வெளியே வந்ததும் பேக்கரிக்காரர் நேராக மாப்பிள்ளையின் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை வேலைங்க இது. கல்லு வந்ததை விடுங்க, அந்தப் பொண்ணு விட்ட கண்ணீர்கூட என் மேல தெறிச்சிடுச்சு. அதான் குனிஞ்சுட்டேன்" என்றார்.

சின்ன மாப்பிள்ளை ஓடி வந்தான். ஒரு சொட்டுக் கண்ணீரை அவன் அங்கே மிதக்க விட்டிருந்தது நிஜம். யார் கண்ணுக்கும் தெரியாது, எடுத்துவிடு என்று இதே மேனேஜர்தான் சொல்லியிருந்தார். "மாமா, அதைக் கவனிச்சது நீங்க ஒருத்தர்தான்" என்று மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

சின்னவளுக்கு மனசு ஆறவில்லை. அம்மாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

"கிண்டலுக்கும் ஒரு அளவு வேண்டாமாம்மா? இவர் நிஜம்னு நம்பிட்டு நிக்கிறார். நாளைக்குத் தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்?"

"அழுற இடத்துல குனிஞ்சது அவர் தப்பில்லடி. அந்தப் பொண்ணு அழுததும் எனக்கும் அழுகை வந்துடுச்சு. என்னை மறந்து அவர் கையைக் கிள்ளிட்டேன்."

"நீ கிள்ளினா அவர் எதுக்குக் குனியணும்?"

"அப்படித்தான் பேசி வைச்சிருந்தோம். ஏதாவது பறந்து வந்தா நான் கிள்ளணும், அவர் குனியணும்."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப எல்லாமே நடிப்புதானா? பெரிய மாப்பிள்ளைன்னா ஒரு கண்ணுல வெண்ணெய், இவர்னா ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படிப் பிரிச்சு வைக்க அந்த மனுஷனுக்கு ஏதுடி ரெண்டு கண்ணு? இடது கண்ணுல பார்வை சின்ன வயசுலயே போச்சு. பார்த்தா தெரியாது, உங்ககிட்ட சொல்லவும் விடல. ஒத்தைக் கண்ணுக்கு இந்தப் படமெல்லாம் காலண்டர் மாதிரி சுவரோட ஒட்டித்தான் இருக்குமாம். அதனால வராதீங்கன்னு நான்தான் சொன்னேன். 'மாப்பிள்ளை கொண்டுவர்றதைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுப்பினை இல்ல, குனியக்கூடவா முடியாது?'ன்னு கேட்டுட்டு, முதல் ஆளா சட்டையை மாட்டிக்கிட்டார்."